விதியா? விதி மீறலா?

பூகம்பம் வந்தால் மேசையின் கீழ்ப் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுமாறு அரசாங்கங்கள் மக்களுக்குப் போதிக்கின்றன. நல்ல போதனைதான். ஆனால், கட்டிடமே மாடி மேல் மாடியாகச் சரிந்து வீழும்போது எந்த மேசை அதனைத் தாங்கும்?

2023 பெப்ரவரி 6ஆம் நாள் அதிகாலையில் 7.8 அளவான பூகம்பம் தென் துருக்கியைக் குலுக்கியது. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் மாண்டனர். விதியின் மேற் பழியைப் போட்டார் சனாதிபதி எர்டோகன்.

விதியாம் விதி! 1999இல் இஸ்மித் பூகம்பம் 17,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அப்பாடத்தையும் மறந்து, 2018இல் தேர்தல் நெருங்கிய வேளையில், சட்டத்தை மீறி எழுந்த கட்டிடங்களுக்குப் பணம் பெற்று மன்னிப்பு வழங்கியது அவருடைய அரசாங்கமன்றோ?

சிலி நாட்டைப் பாருங்கள். 2010இல் அதன் கரையோரத்தைத் தாக்கிய பூகம்பம் 8.8 அளவானது, சக்தியில் துருக்கியினதைவிட முப்பது மடங்கு பெரியது. மாண்டோரோ ஏறத்தாழ 500 பேர். அங்கே கட்டிடச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயன்று. அமைப்பிற் குறையிருந்தால், கட்டுவித்தவரே பத்தாண்டுகள் பொறுப்பாளி.

மண் அதிர்வதைத் தடுக்க எவராலும் இயலாது. மாடி இடிவதைத் தடுக்க இயலும். துருக்கி மக்களைக் கொன்றது விதியன்று. விதி மீறலுக்கு விலை பேசிய ஆட்சியே!