49ஆவது மணி நேரம்

செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் ஒரு பெரிய நெறியை ஏற்றுக்கொண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டவர் மாமல்லபுரத்து மீனவரா, வெளிமாநிலச் சுற்றுலாப் பயணியா என்று பார்க்காமல், காப்பீட்டு அட்டையும் கேட்காமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குள் அரசே ஏற்கிறது. 1948இல் பிரிட்டனும் 2002இல் தாய்லாந்தும் இதே நெறியைத்தான் விபத்தோடு நிறுத்தாமல் நோய்களுக்கும் விரித்தன. இங்கே தனியார் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு 49ஆவது மணி நேரத்தில் அட்டையும் வருமானச் சான்றும் மறுபடி தேவைப்படுகின்றன.

இங்கும் அப்படி விரிக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தாய்லாந்து செல்வச் செழிப்பில் இதைச் செய்யவில்லை. 1997 நிதி நெருக்கடி முடிந்த சில ஆண்டுகளிலேயே வரிப்பணத்தில் செய்தது. அதற்கு முன்பே ஊர்ப்புறங்களில் அரசு மருத்துவமனைகளை வளர்த்திருந்தது கைகொடுத்தது. காப்பீட்டை விரித்தால் அரசுப் பணம் தனியாருக்கே போகும் என்ற அச்சத்துக்கும் விடை தாய்லாந்தின் அந்த வழியிலேயே இருக்கிறது: இங்கும் 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும், கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முதலில் போதிய ஆட்களையும் கருவிகளையும் கொடுத்துவிட்டு, அவற்றால் இயலாததை மட்டும் தனியாரிடம் வாங்க வேண்டும்.