நடையும் நமது காவற்படையும்

சென்ற வாரம் நம்மைக் காணவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “அறுபத்தைந்தாகிவிட்டது, இனி நடந்தென்ன, கிடந்தென்ன?” என்று சாய்மனைக் கதிரையிற் சாய்ந்தார். மாரி பிறந்தால் தடிமனும் இருமலும் அவரை விட்டகல்வதில்லை. அவருக்கு நாம் கூறிய விடை ஏனையோர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

குருதியில் உலாவும் வெண்குழியங்களே நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை. படைக்கு உணவு வேண்டுமன்றோ? போர்தொடுக்கும் வேளையில் இக்குழியங்கள் குளுக்கோசை விரைந்து உடைத்து இலத்திரிக்கமிலமாக்கிச் சத்தி பெறுகின்றன. இது வைக்கோல் எரிவது போன்றது. முன்வந்த நோயை நினைவில் வைத்து நெடுங்காலம் காத்திருக்கும் குழியங்களோ, தம்முள்ளிருக்கும் இழைமணிகளில் ஒட்சிசன் துணைகொண்டு கொழுப்பையும் எரித்து வாழ்கின்றன. இது விறகின் தணல் போன்றது.

தேகாப்பியாசம் இப்படையை எழுப்பும் என்பது புதிய செய்தியன்று. பொஸ்டன் மரதன் ஓட்டக்காரரின் குருதியை ஆராய்ந்த லாரபீ என்னும் வைத்தியர், ஓட்டத்தின்பின் வெண்குழியங்கள் மிகுந்திருத்தலை 1902இல் எழுதினார். அதிரனலின் சுரந்ததும், குருதிக்குழாய்ச் சுவர்களிலும் மண்ணீரலிலும் தங்கியிருந்த வீரர் வெளிப்பட்டு உலாவருகின்றனர்.

நாள்தோறும் பயில்வார்க்கு வேறு நன்மையுமுண்டு. தசைகளில் இழைமணிகள் பெருகுகின்றன. வயிற்றினுட் கொழுப்புக் குறைகின்றது. அக்கொழுப்பு மிகுந்தால் வெண்குழியங்கள் பகைவனில்லாத போரில் ஓயாது ஈடுபட்டு, உடலெங்கும் மெல்லிய அழற்சியை வளர்க்கும். பயிற்சியுடையோரின் வெண்குழியங்களிலும் இழைமணிகள் திறம்படத் தொழிற்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

முதுமை இதற்குத் தடையோ? பேமிங்காம் பல்கலைக்கழகத்தார் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 துவிச்சக்கரவண்டி ஓட்டிகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். வயதோடு சுருங்கும் தைமசுச் சுரப்பி, அசைவற்றிருந்த முதியோரிலும் இவர்களிற் கூடுதலான புதிய குழியங்களை ஈந்தது. இவர்கள் நெடுநாட் பழக்கமுடையோர் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் தசை எவ்வயதிலும் பயிற்சிக்கு இணங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தபடி, முதியோர்க்கும் கிழமைக்கு 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும். ஐந்து நாட்கள் அரைமணி விரைந்து நடத்தல் போதும். பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். இருதய நோயுடையோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. காய்ச்சலுற்றபோது ஓய்வே நன்று.

நேற்று மாலை அவ்வாசிரியரை ஒழுங்கையிற் கண்டோம். நின்று பேச நேரமில்லையென்று கைகாட்டி நடந்தார். நாம் வருந்தவில்லை.