மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

மதிப்பெண்ணே தகுதி என்று இன்றும் வாதிடுவோர் லாரி பி. வழக்கைப் படிக்கவேண்டும். 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே நுண்ணறிவுத் தேர்வை வகுத்தது, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளங்காண. அமெரிக்காவில் அதுவே ஒதுக்கும் கருவியாயிற்று. கலிபோர்னியப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 10 விழுக்காடு. ‘மனவளர்ச்சி குன்றியோர்’ வகுப்புகளிலோ 25 விழுக்காடு. 1971இல் வழக்குத் தொடுத்த சான் பிரான்சிஸ்கோ குழந்தைகளிடம் கறுப்பின உளவியலாளர்கள் அவ்வினாக்களையே பழகிய சொற்களில் கேட்டபோது, அனைவரும் எல்லைக்கோடான 75ஐத் தாண்டினர். (குறை எவரிடம் இருந்தது?) இத்தேர்வு கறுப்பினக் குழந்தைகளுக்குப் பொருந்துமென மெய்ப்பிக்கும் சுமை அரசுடையதே என்ற நீதிபதி பெக்கம், அதைக்கொண்டு அவர்களை அவ்வகுப்புகளில் சேர்ப்பதற்கு 1979இல் தடை விதித்தார். மறு ஆண்டே சிகாகோவில் நீதிபதி கிரேடி, உளவியலாளர் சாட்சியத்தைவிடத் தம் வாசிப்பையே நம்பி, வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்பதை மட்டும் குறைகூறி, அத்தகைய தேர்வுகளை அனுமதித்தார்.