விற்பனை கூடியும் இலாபம் குறைவது ஏன்?

"இம்முறை பெருநாள் வியாபாரம் எப்படி?" என்று நமது வியாபாரிகளிடம் கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சனம்" என்ற பதிலே வரும். எதிர்பார்த்த இலாபம் வந்ததா, வராவிட்டால் அது எங்கே போனது என்று கேட்டால் மட்டும் பதில் கிடைப்பதில்லை. கல்லாவைப் பார்த்து வியாபாரத்தை மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது.

மாத ஆரம்பத்தில் பாதீடு ஒன்றை எழுதி, மாத முடிவில் நடந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவது பெரிய கம்பனிகளுக்கு மட்டுமான வேலையல்ல. ஒரு புடவைக் கடையை எடுத்துக்கொள்வோம். 1,500 ரூபாவுக்கு வாங்கும் சாரத்தை 2,000 ரூபாவுக்கு விற்று, நோன்பு மாதத்தில் 500 சாரம் விற்பதாகத் திட்டம். எதிர்பார்த்த இலாபம் 250,000 ரூபா. விற்றதோ 600 சாரம். விற்பனை 10 இலட்சத்திலிருந்து 10 இலட்சத்து 80 ஆயிரமாகக் கூடியது. முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் இலாபம் 150,000 ரூபா மட்டுமே.

குறைந்த ஒரு இலட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். மேலதிகமாக விற்ற 100 சாரத்தால் 50,000 ரூபா சாதகம். கழிவு கொடுத்துச் சராசரியாக 1,800 ரூபாவுக்கு விற்றதால் 120,000 ரூபா பாதகம். கொள்விலை 1,550 ரூபாவாக ஏறியதால் 30,000 ரூபா பாதகம். ஆக, பிரதான ஓட்டை கொள்முதலில் இல்லை, கழிவில்தான் இருக்கிறது. இதை அறியாத முதலாளி மொத்த வியாபாரியோடு சண்டை பிடிப்பார், அல்லது கல்லாவில் இருக்கும் பையனைச் சந்தேகிப்பார்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. சாதகமாகத் தெரிவதெல்லாம் நல்லதல்ல. பெருநாள் நெருக்கடியில் ஊழியர் ஒருவரைக் குறைத்தால் சம்பளம் மிச்சமாகும், ஆனால் காத்திருந்து சலித்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதேபோல, பாதகமானதெல்லாம் யாருடைய குற்றமுமல்ல. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதற்கு ஊழியரைத் திட்டி என்ன பயன்? அப்படியான வேளையில் பாதீட்டையே திருத்தி எழுத வேண்டும்.

நானாவும் தம்பியும் கூட்டாக நடத்திய எத்தனையோ கடைகள் பிரிந்துபோனது நட்டத்தால் மட்டுமல்ல, இலாபம் ஏன் குறைந்தது என்று யாராலும் காட்ட முடியாமல் போனதால்தான். காரணம் எழுத்தில் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து குந்திக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் அல்-பகரா 282ஆம் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பாடத்தைக் கடைக் கணக்கில் செய்து காட்டச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் நோன்புக்கு முன் ஒருநாள் வகுப்பு வைக்கலாம். ஒரு கொப்பியும் மாதம் ஒரு மணித்தியாலமும் போதும். திட்டமிட்டது, நடந்தது, வித்தியாசம், காரணம் என்று நான்கு கோடு கிழித்து இந்த மாதமே ஆரம்பியுங்கள்.