மலைச் சரிவில் வண்டியை உருட்டிக் கிளப்பும் வழக்கம்

கன்னிவாடிக்கு மேலே பன்றிமலை, ஆடலூர் முதலிய கிராமங்களில் காபியும் மிளகும் மலைவாழையும் பயிரிடும் குடியானவர்களுக்கு ஜீப் வண்டி எத்துணை அவசியமானது என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. லாரி ஏறாத தோட்டப் பாதைகளில் அதுவே சுமை வண்டி. நோயாளியை இறக்குவதும் அதுவே. 1941 முதல் அமெரிக்காவில் யுத்தத்திற்கென்று ஏராளமாகச் செய்யப்பட்ட இவ்வினம் பிற்காலத்தில் வாழைத்தார் சுமக்க வந்தது நல்லதொரு மாற்றமே.

இவ்வண்டிகளைப் பற்றி ஒரு தவறான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. காலையில் யந்திரம் எளிதில் கிளம்பாவிடில் காரணத்தைத் தேடுவதில்லை. முந்திய மாலையே வண்டியைச் சரிவில் முகம் கீழ்நோக்க நிறுத்திவைத்து, மறுநாள் உருட்டி, இரண்டாவது கியரில் போட்டுக் கிளப்பிவிடுகிறார்கள். புது பாட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், சரிவுக்குக் காசு இல்லை என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அவசரத்திற்கு ஒரு நாள் அவ்விதம் செய்தால் குற்றமில்லை. அதையே நித்திய வழக்கமாகக் கொள்வதுதான் கண்டிக்கத்தக்கது.

யந்திரம் ஓடாதபோது பிரேக்கிற்கு உதவும் வெற்றிடச் சக்தி ஒன்றிரண்டு மிதிகளுக்கே நிற்கும்; அதன்பின் மிதி கல்லாகிவிடும். பாரம் ஏற்றிய வண்டி உருண்டும் யந்திரம் பிடிக்கவில்லையென்றால், முதல் கொண்டையூசி வளைவில் ஓட்டுநரின் கதி என்னவென்று யோசிக்க வேண்டும்.

மற்றொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. டீஸல் டாங்கி பெரும்பாலும் வண்டியின் பின்புறத்தில் இருக்கிறது. குழாயிலோ வாஷரிலோ நுண்ணிய கசிவு இருந்தால், மேல்நோக்கி நிறுத்திய வண்டியில் டீஸல் இரவோடிரவாக டாங்கிக்கே திரும்பிவிட, குழாயில் காற்று புகுந்துவிடும். கீழ்நோக்கி நிறுத்தினாலோ டாங்கி உயர்ந்து நிற்பதால் டீஸல் இறங்கி நிற்கும். காலையில் வண்டி கிளம்பிவிடும். உருட்டியதால் கிளம்பியதென்று ஓட்டுநர் நினைக்கிறார். உண்மையில் நிறுத்திய விதமே கோளாறை மறைத்துவிட்டது. அதே வண்டி ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில், சமதரையில், சரக்குடன் நின்றுவிடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

காரணம் அறிவது கடினமன்று. செல்ப் மந்தமாகச் சுற்றினால் முதலில் பாட்டரி முனைகளைப் பார்க்கவேண்டும். வெண்பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் கழுவித் துடைத்து, வாஸலின் தடவி இறுக்கினால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். செல்ப் நன்றாகச் சுற்றியும் யந்திரம் பிடிக்காவிடில் புகைக்குழாயை நோக்குக. வெண்புகை வந்தால் டீஸல் வருகிறது, எரியவில்லை. பழைய மாதிரிகளில் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்கவேண்டும். புகையே இல்லையேல் டீஸல் வரவில்லை. வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்து, மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை இயக்கி, குமிழி நிற்குமட்டும் காற்றை வெளியேற்றுக. மறுநாளும் காற்று புகுந்திருந்தால், வடிகட்டிக்கும் பம்பிற்கும் இடையே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சிலகாலம் பொருத்தினால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். காமன் ரெயில் என்னும் புதிய வகை யந்திரங்களில் மட்டும் உயர்அழுத்தக் குழாய்களைத் தொடலாகாது. பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும்.

நின்றபடி ஓடுகையில் யந்திரம் துடித்து அணைந்துபோனால், உடனே ‘ஸ்லோ’ திருகைத் திருகி வேகத்தைக் கூட்டுவது பலர் செய்யும் வைத்தியம். இது காய்ச்சலுக்குக் கம்பளி போர்த்துவதை ஒக்கும். காற்றுக் கசிவோ அடைத்த வடிகட்டியோ அப்படியே இருக்க, டீஸல்தான் வீணாகிறது. கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் ஜீப்புக்கோ உயரமே ஒரு காரணம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரிப்படுத்திய கலவை மேலே கொழுத்துவிடும். கரும்புகையும் தடுமாற்றமும் காணும். மேலே சரிசெய்ததை அப்படியே கீழே கொண்டுவந்தால் கலவை மெலிந்து யந்திரம் சூடேறும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பள்ளிக்கூடத்திற்கும் பஸ் நிற்குமிடத்திற்கும் மேற்புறச் சரிவில், சக்கரத்திற்குக் கட்டை கூட வைக்காமல் இராத்திரி வண்டி நிறுத்துவதைத் தடுத்து, ஊரில் சமதரையான ஓரிடத்தை அதற்கென ஒதுக்கலாம். சமதரையில் நின்ற வண்டி காலையில் கிளம்பாவிடில், அதன் சொந்தக்காரர் அன்றைக்கே வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார்.