பால் பேதமும் கட்சிப் பற்றும்

தென் கொரியாவில் ஒருவர் எக்கட்சியைச் சார்ந்தவர் என்பதை அவர் பிறந்த மாகாணத்தைக் கொண்டே நெடுங்காலம் சொல்லிவிட முடிந்தது. தென்மேற்கில் ஜியோல்லா ஒரு கட்சிக்கு. தென்கிழக்கில் கியோங்சாங் மற்றதற்கு. இன்றோ ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் எதிரெதிர் அணிகளில் நிற்கின்றனர். இந்த மாறுதல் அந்நாட்டோடு நிற்கும் என்று எண்ணுவதற்கில்லை.

2022 மார்ச் 9-ந் தேதி நடந்த ஜனாதிபதி தேர்தலில், 30 வயதுக்குட்பட்ட ஆண்களில் 58.7 சதவிகிதத்தினர் மக்கள் சக்திக் கட்சியின் யூன் சுக் யியோலையும், அதே வயதுப் பெண்களில் 58 சதவிகிதத்தினர் ஜனநாயகக் கட்சியின் லீ ஜே மியுங்கையும் ஆதரித்ததாக, வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுத்த கணக்கு கூறியது. யூன் வென்றது ஒரு சதவிகிதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில்.

இப்பிளவு தானே முளைத்ததன்று. இரு பாலாருக்கும் மெய்யான குறைகள் உண்டு. உடல்நலமுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் சுமார் ஒன்றரை ஆண்டு கட்டாய ராணுவ சேவை செய்யவேண்டும். சேவை முடித்தோருக்குச் சர்க்கார் உத்தியோகப் பரீட்சையில் அளித்துவந்த அதிக மதிப்பெண், பெண்களுக்கும் அங்கஹீனர்களுக்கும் அநீதி என்று அரசியல் சாசன நீதிமன்றத்தால் 1999-ல் ரத்தாயிற்று. தீர்ப்பு நியாயமே, ஆயினும் சுமை இறங்கவில்லை. பெண்களின் நிலையோ, ஆண்களைவிடச் சுமார் 30 சதவிகிதம் குறைந்த ஊதியம். வளர்ந்த நாடுகளில் இத்தனை பெரிய வித்தியாசம் காண்பது அரிது.

ராணுவச் சட்டத்தை இயற்றியவர்கள் பெண்களல்லர். சம்பளத்தைக் குறைத்தவர்கள் இருபது வயது வாலிபர்களுமல்லர். எனினும் ஒருவர் குறைக்கு மற்றவரே காரணம் என்று சொல்வது எளிது. அதற்குப் பணச் செலவில்லை. 2022 ஜனவரியில் யூன், 2001-ல் ஏற்பட்ட மகளிர் இலாகாவை ஒழிப்பதாக ஏழே எழுத்துக்களில் அறிவித்தார். வாலிபர் மனம் குளிர்ந்தது. ஆனால் இலாகாவும் ஒழியவில்லை; ராணுவ சேவையும் ஒழியவில்லை.

இவ்விதம் சேர்த்த பற்று எத்தனை நாள் நிலைத்தது? 2024 டிசம்பர் 3-ந் தேதி யூன் ராணுவச் சட்டம் பிரகடனம் செய்தார். அதைக் கண்டித்துத் தெருவில் திரண்ட கூட்டங்களில் இளம் பெண்கள் முன்னணியில் நின்றனர். 2025 ஏப்ரலில் அவர் பதவி நீக்கப்பட்டார். ஜூன் 3-ந் தேதி தேர்தலில் 30 வயதுக்குட்பட்ட ஆண்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 37 சதவிகிதமே. ஏறக்குறைய அதே அளவு, பெண்ணுரிமை இயக்கத்தை இன்னும் காரமாகத் தாக்கிய லீ ஜுன் சியோக்கின் சிறு கட்சிக்குச் சென்றது. கோபத்தை விதைத்தவனைவிட அதிகக் கோபம் விற்பவன் வந்தால், வாடிக்கை அவனிடம் போவது இயல்பு.

வென்ற ஜனநாயகக் கட்சியும் மெச்சிக்கொள்வதற்கில்லை. இளம் பெண்களில் பெரும்பான்மையோர் அதனைத் தாங்கினர். ஆனால் அத்தேர்தலில் நின்ற அபேட்சகர்களில் ஒரு பெண்கூட இல்லை. வேறு போக்கிடமின்றி அளிக்கும் வாக்கை விசுவாசம் என்று எண்ணும் கட்சி ஏமாந்து போகும்.

ஆண் வாக்கு, பெண் வாக்கு என்று பங்கு பிரிக்கும் கட்சி ஊழியர் எந்நாட்டிலிருந்தாலும் இதனை நினைவில் வைப்பது நலம். சுமையைக் குறைக்கும் சட்டமும் சம ஊதியம் தரும் சட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒரே மேடையில் கேட்கத் துணியும் கட்சிக்கே அண்ணனும் தங்கையும் சேர்ந்து வாக்களிப்பார்கள்.