நாரி நோவும் நமது பெண்களும்



பெண்ணுக்கு நாரி நோவு என்றால் நமது வீடுகளில் பதில் தயாராகவே இருக்கும். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்" என்பார் மாமி. "சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான்" என்பார் அடுத்த வீட்டு ராத்தா. அதே நோவு மகனுக்கு வந்தால், வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், உடனே வைத்தியரைத் தேடிப் புறப்பட்டு விடுவோம். இந்த வேற்றுமை நமது வீடுகளில் மட்டும் உள்ளதல்ல. ஒரு நோயின் விடயத்தில் வைத்திய உலகமும் நீண்ட காலம் இப்படித்தான் இருந்தது.

அந்த நோய் முள்ளந்தண்டு அழற்சி வாதம். வைத்தியர்கள் 'அங்கிலோசிங் ஸ்பொண்டிலைடிஸ்' என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே, இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் சேரும் மூட்டுகளைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே ஆரம்பிக்கும். கவனியாது விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில் தடி போல் விறைத்து விடும்.

பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவிலேயே இந்நோய் வரும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. எக்ஸ்ரேயில் தெரியுமளவு முற்றியவர்களில் 2 அல்லது 3 ஆண்களுக்கு ஒரு பெண் இருக்கிறார். எக்ஸ்ரேயில் தெரியாத கட்டத்தில் இருபாலாரும் ஏறக்குறையச் சமம். ஏன் இத்தனை காலம் தெரியாமற் போனது? 1984 முதல் கையாளப்பட்ட அளவுகோலின்படி எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தாக வேண்டும். பெண்களுக்கோ எலும்பு ஒட்டுவது பொதுவாகக் குறைவு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும் அழற்சியையும் கணக்கில் எடுக்கும் அளவுகோல் 2009இல்தான் வந்தது.

எலும்பு ஒட்டுவது குறைவென்றால் வேதனையும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. பெண்களுக்கு நாரியோடு கழுத்து, நடுமுதுகு, குதிகால், கைகால் மூட்டுகள் என்று நோவு பரவலாக இருக்கும். களைப்பும் அதிகம். இதனால் தசைநோவு என்றோ மனக்கவலை என்றோ சொல்லி அனுப்பப்படுகிறார்கள். 23,889 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நோய் இன்னதென்று அறிய ஆண்களுக்குச் சராசரியாக 6.5 வருடங்களும் பெண்களுக்கு 8.8 வருடங்களும் சென்றிருக்கின்றன. இந்நோய்க்கான புதிய ஊசி மருந்துகளும் ஆண்களுக்கு வேலை செய்யுமளவு பெண்களுக்குச் செய்வதில்லை என்றும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே காலதாமதம் பெண்ணுக்கு இரட்டிப்பு நஷ்டமாகும்.

சாதாரண நாரி நோவு வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இதுவோ நேர்மாறு. படுத்திருந்தால் கூடும், நடமாடினால் குறையும். ஸுபஹுக்கு எழும்பும்போது உடம்பு விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் இளகாது. பின்னிரவில் நோவு எழுப்பிவிடும். பிட்டத்தில் ஒரு நாள் இப்பக்கமும் மறுநாள் அப்பக்கமும் நோகும். 3 மாதங்களுக்கு மேல் இப்படி இருந்தால் பிள்ளைப்பேற்றின் மீது பழி போடாதீர்கள். கண் சிவந்து நொந்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வாதநோய்ப் பிரிவு உண்டு. ராகமையில் இதற்கென்றே ஒரு வைத்தியசாலை இயங்குகிறது. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள். வைத்தியர் தரும் மருந்தோடு தினமும் செய்யும் உடற்பயிற்சியும் சிகிச்சையின் முக்கிய பங்காகும். தொடர்மாடி வீட்டிற்குள்ளேயே இருக்கும் பெண்ணுக்கு நடக்க நேரமும் துணையும் கொடுப்பது குடும்பத்தின் கடமை. புகைக்கும் ஆண் நோயாளிகள் அதை விட்டொழிக்க வேண்டும். கர்ப்பிணிகள் நோவு மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் விழுங்கக் கூடாது.

குனிந்து ருகூஉ செய்ய முடியாத நோயாளிக்கு இயன்ற விதத்தில் தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. கதிரையில் அமர்ந்து தொழும் இளம் பெண்ணைப் பார்த்து, "இந்த வயதிலா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

கணவன்மாரே, காலையில் பிந்தி எழும்பும் மனைவியைச் சோம்பேறி என்று சொல்லுமுன், விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேளுங்கள். கிளினிக் நாளன்று அவரைத் தனியே அனுப்பாமல் கூடவே செல்லுங்கள்.